ஐம்பத்தெட்டுக் கைகள்

வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இராஜசிங்கம் இரண்டு தரம் சுற்றி இறுக்கினார். இரண்டு தரமும் நழுவியது. உயிரோடு இருக்கிறவன் வயிற்றை எக்கிக் கொடுத்தால்தான் இன்னொருவர் வேட்டி கட்டிவிடலாம். தம்பி அரசரத்தினம் செத்து மூன்று நாள்.

"பெல்ற் ஒண்டு போட்டால் என்ன?" என்று கேட்டார்.

சவப்பெட்டிக்காரப் பெண் கெல்லர் தலையை ஆட்டினாள். இரும்பு, தோல், கண்ணாடி ஒன்றும் பெட்டிக்குள் போகக் கூடாதாம். வின்டர்தூர் நகரத்தில் பிணம் எரிக்கிற இடத்துச் சட்டம். அவள் ஒரு துணிப்பட்டி தந்தாள். இராஜசிங்கம் அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே சால்வையைப் போட்டு மறைத்தார். தம்பிக்கு அவர் கடைசியாக உடுப்புப் போட்டுவிட்டது அறுபது வருசத்துக்கு முன்பு. அப்போதும் அவன் சும்மா நின்றுகொண்டுதான் இருப்பான். கையைத் தூக்கு என்றால் தூக்குவான்.

அது ஸ்டைன்மாட் என்ற கிராமத்துச் சவக்காலை ஓரத்தில் இருந்த சின்ன அறை. ஊரில் யாராவது செத்தால் எடுக்கிற வரைக்கும் பிணத்தை இங்கேதான் வளர்த்தி வைப்பார்கள். இந்த அறையை இருபத்தாறு வருசம் கூட்டிக் கழுவியவன் அரசரத்தினம். கிராமசபை வேலை. கெமைன்டே என்பார்கள் இங்கே. வீதியில் பனி வழிக்கிறது, குப்பைவாளி மாற்றுகிறது, புல்லு வெட்டுகிறது, கிடங்கு கிண்டிப் பிணம் தாழ்க்கிறது எல்லாம் அவன்தான். இப்போது அவனே அறை நடுவில் கிடக்கிறான். சுவர் மூலையில் ஒரு சிலந்தி வலை இருந்தது. அவன் இருந்தால் விட்டிருக்க மாட்டான்.

பன்னிரண்டு மணிக்குக் கார் வரும். ஒன்றரைக்கு வின்டர்தூரில் கிரியை. ஐயரும் சனமும் நேரே அங்கே வருவார்கள். அரசரத்தினத்தின் மனைவி மனோகரியையும் அங்கே கூட்டிப்போய்விட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாதபடியால் இராஜசிங்கத்தின் மகன் கோபிசன்தான் கொள்ளி வைப்பான். கொள்ளி என்றால் இங்கே ஒரு பொத்தானை அமத்துகிற வேலை.

இராஜசிங்கம் கதிரையில் கிடந்த துணிப்பையை எடுத்து, உள்ளே இருந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார். பதினொரு கொப்பி. மட்டைகளில் மண் கறை. தம்பியின் இடது விலாவோடு மூன்றை வைத்தபோது கெல்லர் மறுபடியும் வாய் திறந்தாள்.

"புத்தகமும் ஏலாதாம், பெரியப்பா," என்றாள் வேணுகா. அரசரத்தினத்தின் ஒரே பிள்ளை. முப்பத்துநாலு வயது. வின்டர்தூரில் பல் டொக்டரிடம் வேலை. "தடிப்பாய் இருந்தால் உள்ளுக்கு எரியாதாம். கருகிக் கிடக்குமாம்."

"தாள் தாளாய்க் கிழிச்சுப் போட்டால் எரியுமோ எண்டு கேள்."

வேணுகா கேட்கவில்லை. கெல்லர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போனாள். பிழைக்கத் தெரிந்த பெண்.

"ஏன் எரிக்கோணும்?" என்றாள் வேணுகா. "வெட்ஸ்டைன் வாத்தியார் பதினொரு மணிக்கு வாறார். நான்தான் வரச் சொன்னனான்."

இராஜசிங்கத்தின் கை நாலாவது கொப்பியோடு நின்றது. "ஆரை வரச் சொன்னனி?"

"உங்களுக்குக் கேட்டது."

"செத்த அடுத்த நாளே துக்கக் காட் ஒண்டோட வந்து கொப்பியைத் தா எண்டு கேட்டவன். பிணம் இன்னும் வெளிக்கிடேல்லை, அவனுக்குக் கொப்பி. அவனையோ இஞ்ச கூப்பிட்டனி? இவன்ர தலைமாட்டுக்கு?"

"அடுத்த வருசம் ஊருக்கு எண்ணூற்றைம்பது வயசு. வரலாறு எழுதிப் புத்தகம் போடுகினம். அப்பா சேர்த்து வைச்சது அதில வரும். அப்பான்ர பெயரும் வரும், பெரியப்பா."

"இவன்ர பெயரை அவங்கள் இருபத்துநாலு வருசத்துக்கு முந்தியே ஒருக்கா வாசிச்சவங்கள். வாசிச்சிட்டு என்ன செய்தவங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாதோ?" என்றாள் வேணுகா.

தெரியாமல் இருக்காது. அப்போது அவளுக்குப் பத்து வயது.

2001ஆம் ஆண்டு அரசரத்தினம் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்தான். சித்திரையில் ஊர் விசாரணைக் குழு, கொமிசியோன், கூப்பிட்டது. ஒரு நீட்டு மேசை, அதற்குப் பின்னால் ஐந்து பேர். நாட்டில் எத்தனை மாநிலம், எத்தனை மந்திரி என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருந்தான், சொன்னான். கடைசியில் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் வெட்ஸ்டைன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேதக்கோவிலுக்குப் பின்னால் இருக்கிற காணிக்கு என்ன பெயர் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேட்டுக்கு என்ன பெயர். ஆலை எரிந்தது எந்த வருசம். அரசரத்தினத்துக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்த பெடியங்களுக்கும் தெரியாது. அவர்களை யாரும் கேட்பதில்லை.

மார்கழியில் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடத்து ஜிம் மண்டபத்தில் வைத்துக் கையுயர்த்தி முடிவு எடுப்பார்கள். தம்பிக்கு எப்படியும் கிடைக்கும் என்று நம்பி, தான் இருந்த ஓர்லிகோனிலிருந்து இராஜசிங்கம் இரண்டு தட்டு வடையும் சம்பலும் செய்து கொண்டு வந்தார். கூட்டம் முடிய ஊர்ச்சனத்துக்குக் கொடுக்க. அவர் வேலை செய்தது ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில். இரவு வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாக்கெடுக்கும்போது உரிமை கேட்டவர்கள் வெளியே நிற்க வேண்டும். உடற்பயிற்சி மெத்தைகள் அடுக்கிக் கிடந்த விறாந்தையில் எல்லாரும் நின்றார்கள். கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே வெட்ஸ்டைன் எழும்பிப் பேசினார். "நல்ல வேலையாள். ஆனால் ஊர் தெரியாது." இரண்டே வசனம். வேணுகாதான் அதைக் கேட்டுத் தமிழில் சொன்னாள், சின்னக் குரலில், தனக்கு வந்த றிப்போட்டை வாசிப்பதுபோல. பிறகு வேண்டாம் என்று கைகள் உயர்ந்தன.

வடை ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. கொண்டு வந்தபடியே ரயிலில் கொண்டுபோய், ஓர்லிகோன் ஸ்ரேசன் குப்பைத்தொட்டிக்குள் இராஜசிங்கம் இரண்டு தட்டையும் கவிழ்த்தார்.

அடுத்த நாள் தம்பிக்குப் போன் எடுத்தார். "அந்த வேலையை விட்டு எறிஞ்சிட்டு வா. இஞ்ச குசினியில நான் எடுத்துத் தாறன்."

"பனி கொட்டுது அண்ணை," என்றான் அரசரத்தினம். "ஆர் வழிக்கிறது?"

அந்த ஒரு பதிலை இராஜசிங்கம் மன்னிக்கவே இல்லை. வேணாம் என்று கையைத் தூக்கியவனுடைய வாசலில் விடிய எழும்பிப் போய்ப் பனி வழித்தான். அவர்களுடைய பிணங்களுக்குக் கிடங்கு வெட்டினான். அதுவும் போதாதென்று கொப்பியும் பென்சிலுமாய்க் கிழடுகளுக்குப் பின்னால் திரிந்து, அந்தக் காணிக்கு என்ன பெயர், இந்தக் கிணறு யார் வெட்டியது என்று கேட்டுக் கேட்டு எழுதினான். மறுபடியும் விண்ணப்பிக்கத்தானாக்கும் என்று பார்த்தால், அதுவும் இல்லை. விண்ணப்பிக்கவே இல்லை. எழுதிக்கொண்டு மட்டும் இருந்தான். வேணுகா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், சனத்துக்கு முன்னால், இராஜசிங்கம் அவனைப் பார்த்து, "நீ அவங்கட நாயடா" என்று சொன்னார். அரசரத்தினம் கதிரைகளை அடுக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் கண்டுகொண்டார்கள்.

வெட்ஸ்டைன் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். எழுபத்தேழு வயது. உயரமான மனிதர் வளைந்து போயிருந்தார். கறுப்பு மேல்கோட்டு, கக்கத்தில் ஒரு ஃபைல். முதலில் வேணுகாவுக்குக் கை கொடுத்தார். பிறகு இராஜசிங்கத்திடம் நீட்டினார். இராஜசிங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நீட்டிய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, திரும்பிப் போனது.

வெட்ஸ்டைன் பெட்டிக்கு முன்னால் போய்த் தலை குனிந்து நின்றார். இராஜசிங்கம் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அரை நிமிசம். அதற்குள் வெட்ஸ்டைனின் கண் தம்பியின் விலாவோடு கிடந்த கொப்பிகளுக்குப் போய்விட்டது.

"இதுவோ துக்கம்?" என்றார் இராஜசிங்கம் தமிழில்.

"கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றாள் வேணுகா.

வெட்ஸ்டைன் நீளமாகப் பேசினார். இராஜசிங்கத்துக்குத் தெரிந்தது குசினி ஜேர்மன். கழுவு, தூக்கு, கெதியாய். அதற்கு மேல் பாதி விளங்கும், பாதி விளங்காது. வேணுகா சொன்னாள்.

"பழைய காணிப் பெயருகள் ஒண்டும் இப்ப ஒருத்தருக்கும் தெரியாதாம். காணியளை ஒண்டாக்கேக்க எல்லாம் அழிஞ்சு போச்சாம். இவர் முப்பது வருசமாய்க் கிழவர்மாரிட்டக் கேட்டுத் திரிஞ்சவராம், ஒருத்தரும் சொல்லேல்லையாம். வாத்தியார் எண்டால் பிழை பிடிப்பார் எண்டு வாயை மூடிப்போடுவினமாம். அப்பாக்குச் சொல்லியிருக்கினம். இப்ப அவையளும் இல்லை, அப்பாவும் இல்லை."

"இப்பதான் விளங்கிச்சுதாமோ?"

"பெரியப்பா."

"இல்லை, கேக்கிறன். ஊர் தெரியாதவன் எண்டு சொன்ன வாய்தானே?"

வேணுகா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் குரலின் சூடு தெரிந்திருக்கும். வெட்ஸ்டைன் அவரைப் பார்க்காமலே பெட்டிக்குள் கையை விட்டு, மேலே இருந்த கொப்பியை எடுத்தார். செத்தவனின் சால்வையில் அவர் கோட்டு முட்டியது. இராஜசிங்கம் ஓரடி முன்னால் வந்தார்.

வெட்ஸ்டைன் கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. நடுவில் திறந்தார். கடைசியில் திறந்தார். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. வேணுகாவிடம் நீட்டி ஏதோ கேட்டார். அவள் எட்டிப் பார்த்தாள்.

"தமிழ்," என்றாள். இரண்டு பேருக்கும் பொதுவாய்.

கொப்பிகள் ஜேர்மனில் இருக்கும் என்று வெட்ஸ்டைன் நினைத்திருந்தார். சவக்காலை வாசல் படலையடியில் அரசரத்தினம் குந்தியிருந்து எழுதுவதை இருபது வருசம் தூர நின்று பார்த்திருக்கிறார். ஒரு நாளும் கிட்டப் போய் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. அரசரத்தினத்துக்கு ஜேர்மனில் தன் பெயரும் விலாசமும் மட்டும்தான் எழுதத் தெரியும். காதால் கேட்டதை வேறு எந்த எழுத்தில் எழுதுவான்?

இராஜசிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தரம். "கொண்டுபோகச் சொல்லு பிள்ளை. கொண்டுபோய்க் கெமைன்டே சுவரில கொழுவட்டும். வடிவாய் இருக்கும்."

"உங்களுக்குப் பகிடி," என்றாள் வேணுகா. அவள் குரல் உயரவில்லை. "எனக்கும்தான் இதை வாசிக்க வராது. மூண்டாம் வகுப்போட தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டனான். வீட்டில இந்தக் கொப்பி எப்பவும் கிடக்கும். வேலைக் கணக்காக்கும் எண்டு நினைச்சன். அப்பா என்ன எழுதினவர் எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் இருக்கு. எனக்கு ஒரு பக்கம் வாசியுங்கோ. பிறகு கிழிக்கிறதெண்டால் கிழியுங்கோ, நான் கேக்க மாட்டன்."

இராஜசிங்கம் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேப்பர் வாசிப்பார், அதற்கு மேல் இல்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெட்ஸ்டைனின் கையிலிருந்த கொப்பியைப் பறித்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். மட்டையில் '1' என்று எழுதியிருந்ததைத் தேடி எடுத்தார். வெட்ஸ்டைன் வாசிக்க என்று எடுத்ததை இவர் வாசிக்க மாட்டார்.

"இரண்டாயிரத்தொண்டு சித்திரை இருபது. மழை. முல்லர் கிழவர் மனிசியின்ர குழியடிக்கு வந்து நிண்டு சொன்னது."

அதுவரைக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு வந்தது வெறும் சத்தம். தமிழ் எழுத்துத்தான், ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் இல்லை. "க்ரும்மாஹெர். வொல்ஃப்ஸ்க்ரூப். கால்கெபுக்." தொண்டையில் முள்ளு மாட்டிய மாதிரி இருந்தது. அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார், சின்ன வகுப்பில் பெரிய வாத்தியாருக்கு முன்னால் வாசித்ததுபோல. அது நினைவுக்கு வந்ததும் எரிச்சலும் வந்தது. சத்தமாக வாசித்தார்.

வெட்ஸ்டைன் கண்ணை மூடியிருந்தார். அவருடைய உதடு அசைந்தது.

"கோணல் வயல்," என்றாள் வேணுகா. "வொல்ஃப்ஸ்க்ரூப் எண்டால் ஓநாய் பிடிக்க வெட்டின கிடங்கு. மற்றது தூக்குமரம் நிண்ட மேடு. பெரியப்பா, நீங்கள் முல்லர் கிழவர் கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள். அவர் அப்பிடித்தான் இழுப்பார்."

"நான் ஒரு நாயையும் மாதிரிக் கதைக்கேல்லை. இருக்கிறதை வாசிக்கிறன்."

ஒரு பக்கம் என்று தொடங்கியது நாலு பக்கம் போனது. ஆலை எரிந்தது பற்றி ஒரு கிழவி சொன்னது. கிணற்றில் விழுந்த மாடு. ஒவ்வொன்றுக்கும் திகதி, மழையோ வெயிலோ, யார் சொன்னது, எந்தக் குழியடியில் நின்று சொன்னது. அதெல்லாம் தமிழில். மற்றதெல்லாம் அவர்கள் வாயால் வந்தபடி. வாசிக்கிறவருக்கு விளங்கவில்லை. விளங்குகிறவருக்கு வாசிக்க வரவில்லை. நடுவில் வேணுகா சில இடத்தில் சிரித்தாள், சில இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது வெட்ஸ்டைன் கைப்பேசியை எடுத்து நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது.

இராஜசிங்கம் கொப்பியை மூடினார். "உதை நிப்பாட்டச் சொல்லு."

வெட்ஸ்டைன் நிற்பாட்டினார். ஆனால் பேசினார். இந்த முறை வேகமாக, முகம் சிவந்து.

"இது அப்பான்ர மட்டும் இல்லையாம். ஊர்ச்சனம் சொன்னதாம். அதால ஊரின்ர சொத்தாம்."

"அப்ப இவன்?" இராஜசிங்கம் பெட்டியைக் காட்டினார். "சொன்னது ஊரின்ர. எழுதினவன் ஆரின்ர? கேள் அவனை. ஒரு சொல்லும் விடாமல் கேள்."

வேணுகா கேட்டாள். வெட்ஸ்டைன் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். அது அந்தக் காலம் என்றார். சட்டம் அப்போது அப்படி என்றார். தான் ஒருவன் மட்டும் இல்லை என்றார்.

"கூட்டம் முடிஞ்ச மற்ற நாள் எனக்கு வகுப்பு இருந்தது," என்றாள் வேணுகா. இதை அவள் இரண்டு மொழியிலும் சொன்னாள். முதலில் அவருக்கு, பிறகு பெரியப்பாவுக்கு. "இவர்தான் படிப்பிச்சவர். ஒரு கிழமை என்ர பக்கம் திரும்பேல்லை. கையைத் தூக்கினாலும் கேக்கேல்லை. எனக்குப் பதில் தெரியும். தூக்கிக்கொண்டே இருந்தனான்."

வெளியே கெல்லர் சிகரெட் பத்துகிற வாசம் வந்தது.

'நான் ஒருவன் மட்டும் இல்லை' என்ற சொல் இராஜசிங்கத்தின் மண்டைக்குள் கிடந்து குடைந்தது. அவர் கொப்பியைத் திரும்பத் திறந்து, மழை, வெயில், பனி என்று திகதிகளைத் தள்ளிக்கொண்டு போனார். திகதி பிடிக்கிறவன் அந்த நாளை விட்டிருப்பானா?

விடவில்லை.

"இரண்டாயிரத்தொண்டு மார்கழி ஆறு. வியாழன். ஜிம் மண்டபம். வேணும், முப்பத்தொண்டு. வேண்டாம், ஐம்பத்தெட்டு."

கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பெயர்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. இராஜசிங்கம் விரலை வைத்து எண்ணினார். மூன்று பக்கம். ஐம்பத்தெட்டுப் பெயர்.

அன்றைக்குத் தம்பி கண்ணாடிக் கதவில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றான். கெஞ்சிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்து இராஜசிங்கத்துக்கு அவமானமாக இருந்தது. தோளில் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. அவன் கெஞ்சவில்லை, ஒவ்வொரு கையாகப் பார்த்திருக்கிறான்.

"ஹூபர் யாக்கோப்," என்று வாசித்தார். பெயருக்குப் பக்கத்தில் வேறு மையில், பிறகு எப்போதோ எழுதியிருந்தது. "இரண்டாயிரத்தேழு ஆவணி. பி வரிசை, மூண்டு."

"அது என்ன?" என்றாள் வேணுகா.

"பொறு. ஷ்மிட் ரோசா. இரண்டாயிரத்தொன்பது தை. நிலம் இறுகிக் கல்லு மாதிரி. இரண்டு நாள் வெட்டினது. பி பதினொண்டு." அவர் அடுத்ததை வாசித்தார். அதற்கடுத்ததை வாசித்தார். வாசித்த பெயர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு வருசம், ஒரு மாதம், ஒரு வரிசை, ஒரு இலக்கம். சிலதுக்கு மழை என்று இருந்தது. ஒன்றுக்கு, 'வேர் கனக்க' என்று இருந்தது. திட்டு ஒன்றும் இல்லை. ஒரு கெட்ட சொல் இல்லை.

வேணுகாவுக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்ஸ்டைனுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் ஊர்ப்பெயர், அவர் ஊர்ச்சவக்காலை. ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலை லேசாக ஆடியது, வேதக்கோவிலில் செத்தவர்களின் பெயர் வாசிக்கும்போது ஆடுகிற மாதிரி. பிறகு ஆடவில்லை. என்ன பட்டியல் என்று பிடிபட்டுவிட்டது.

இராஜசிங்கம் நிறுத்தவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டத் தேவையில்லாமல் போயிருந்தது.

"வெட்ஸ்டைன் எமில்."

கிழவர் நிமிர்ந்தார்.

"இரண்டாயிரத்திரண்டு பங்குனி. சி வரிசை, பதினாலு. இரண்டாயிரத்திருபத்திரண்டு ஐப்பசி எடுத்தாச்சு." இந்த ஊரில் பிணத்துக்கு இருபது வருசம்தான் இடம். அதற்குப் பிறகு கல்லை எடுத்து உடைத்துவிட்டுப் புல்லுப் போட்டுவிடுவார்கள். இராஜசிங்கம் கண்ணாடியைச் சரிசெய்தார். கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒன்று இருந்தது. "கல்லு உடைக்கேல்லை. ஷெட்டுக்குப் பின்னால, மதிலோட கவிட்டு வைச்சிருக்கு."

வேணுகா சொல்லத் தொடங்கினாள். பாதியில் வெட்ஸ்டைன் அவளுடைய கையைப் பிடித்து, மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். எமில் அவருடைய தமையன். குழி எடுக்கப் போகிறோம் என்று கடிதம் வந்தபோது வெட்ஸ்டைன் இடுப்பு ஒப்பரேசனுக்குப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வந்து பார்த்தபோது புல்லு முளைத்திருந்தது. கல்லு உடைத்து ரோட்டுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாராம்.

"ஏன் வைச்சவர் எண்டு எழுதியிருக்கோ எண்டு கேக்கிறார்."

"இல்லை."

"ஏன் தன்னட்டச் சொல்லேல்லை எண்டு…"

"அதுவும் இல்லை." இராஜசிங்கத்தின் விரல் கடைசிப் பெயருக்குப் போயிருந்தது. "வெட்ஸ்டைன் பவுல்."

கிழவர் காத்திருந்தார். பிறகு அவராகவே ஒரு சொல் கேட்டார். அது குசினி ஜேர்மனுக்கும் விளங்கியது. பிறகு?

"ஒண்டும் இல்லை," என்றார் இராஜசிங்கம். "இடம் விட்டிருக்கு."

கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பெருவிரலை அந்த வரிக்குக் கீழே வைத்துக் காட்டினார். வெட்ஸ்டைன் குனிந்து, தன்னுடைய பெயரைத் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பார்த்தார். பக்கத்தில் வெறும் தாள்.

இராஜசிங்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தார். வாய் மூடிக் கிடந்தது. சாமத்தியவீட்டில் கதிரை அடுக்கப் போனபோது இருந்த அதே முகம். "அமசடக்குக் கள்ளன்," என்றார். சொல்லிவிட்டு, நழுவாத வேட்டியை ஒரு தரம் இழுத்துவிட்டார். சால்வையைச் சரிசெய்தார். பிறகு விலாவோடு வைத்த கொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போடத் தொடங்கினார்.

"எரிக்கேல்லையோ?" என்றாள் வேணுகா.

"ஏன் எரிக்கோணும்? ஆருக்கு லாபம்?" அவர் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வெட்ஸ்டைனுக்கு முன்னால் வந்து நின்றார். "சொல்லு இவருக்கு. பதினொரு கொப்பியும் நான் இருந்து வாசிக்கிறன். அவர் எழுதட்டும். ஆனால் இந்த மூண்டு பக்கமும் புத்தகத்தில வரோணும். ஐம்பத்தெட்டுப் பெயரும். கிடங்கு இலக்கத்தோட. ஒரு வரி குறைஞ்சாலும் இல்லை."

வேணுகா சொன்னாள். வெட்ஸ்டைன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்றார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியே தான் முடிவெடுக்க முடியாது. கடைசியாக அவர் சொன்ன சொல்லை வேணுகா மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை.

"கொமிசியோன்," என்றார் இராஜசிங்கம். "தெரியும். போய்க் கேக்கட்டும். எழும்பி நிண்டு பெயரை வாசிக்கட்டும், கையைத் தூக்கட்டும். நான் வெளியில விறாந்தையில நிக்கிறன். எனக்குப் பழக்கம்."

வெட்ஸ்டைன் போகும்போது கை கொடுக்கவில்லை. இராஜசிங்கமும் கையைப் பின்னால் கட்டியிருக்கவில்லை. பை கையில் இருந்தது.

கார் ஐந்து நிமிசம் முந்தி வந்தது. கெல்லரும் டிரைவரும் மூடியைத் தூக்கி வந்தார்கள். மூட முன்னம் வேணுகா குனிந்து தகப்பனின் காதுக்குள் ஏதோ சொன்னாள். என்ன மொழியில் சொன்னாள் என்று இராஜசிங்கத்துக்குக் கேட்கவில்லை. கெல்லர் பையைக் காட்டி, உள்ளேயா வெளியேயா என்று கண்ணால் கேட்டாள். அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். மூடியை மூடினார்கள். திருகாணிகளும் மரத்தில்தான் செய்திருந்தார்கள்.

பெட்டியைக் காருக்குள் தள்ளினார்கள். இராஜசிங்கம் வெளியே வந்தார். கார்த்திகை மாதத்துப் பனிப்புகார் சவக்காலைக்கு மேல் படிந்து கிடந்தது. வெட்ஸ்டைன் படலையால் போகவில்லை. கருவிகள் வைக்கும் ஷெட்டுக்குப் பின்னால் அவருடைய கறுப்புக் கோட்டுத் தெரிந்தது.

கிழவர் மதிலடியில் முழங்காலில் இருந்தார். கோட்டு விளிம்பு சேற்றில் கிடந்தது. கவிழ்ந்து கிடந்த கல்லின் ஓரத்தில் இரண்டு கைவிரல்களையும் விட்டு நெம்பினார். கல்லு அசையவில்லை. கையை எடுத்து, விரலை வாயால் ஊதி, கோட்டில் துடைத்துவிட்டுத் திரும்பவும் விட்டார்.

"பெரியப்பா, ஏறுங்கோ. ஐயர் பாத்துக்கொண்டிருப்பார்."

"பொறு," என்றார் இராஜசிங்கம். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.